புது வாக்கியம், புது வரி

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசில் எல்லாரும் மீசை என்று கூப்பிடுகிறவர் எழுதிய பக்கத்தை, எழுத்தின் ஒழுங்கைப் பார்க்கும் சோதனைப் புரோகிராமுக்குக் கொடுத்ததும் வார்னிங் வார்னிங்காக வந்து கொட்டியது. மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது.

அந்த ஆபீசில் எழுதுவது பூட் லோடர். கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கியதும் முதலில் தான் விழித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தட்டி எழுப்புகிற புரோகிராம். அதன் செட்டிங் ஃபைலை எப்படி எழுதுவது என்று சொல்லும் கையேட்டுப் பக்கம்தான் இது. மீசையின் பொறுப்பு.

விஷயத்தில் தப்பில்லை. எழுதின ஒழுங்கில்தான் தப்பு. வரிக் கடைசியில் வெற்று இடம், நடுவில் தேவையில்லாத காலி வரி, ஒரே வரியில் இரண்டு வாக்கியம். புது வாக்கியம் என்றால் புது வரி என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லித் தரும் விதி. அப்போதுதான் பின்னால் யார் எதை மாற்றினார்கள் என்பது பளிச்சென்று தெரியும்.

"நேத்து சேர்ந்தவங்ககூட இப்படி எழுத மாட்டாங்க" என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் வெளியாக வேண்டும்.

மீசை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வேற வேலை இருக்கு சார். டீச்சர்கிட்ட கொடுங்க."

கேட்டவர்களுக்குச் சுருக்கென்றது. டீச்சருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்து, பல மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். யார் எழுதினாலும் குறை கண்டுபிடித்துக் கையோடு திருத்துவார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அப்படிப்பட்டவர், வந்த அன்றைக்கு, தினமும் அடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டளை ஞாபகம் வராமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன், முடியவில்லை என்றால் நானே நின்றுவிடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னார். பக்கத்து மேஜை மீசைக்கும் அது காதில் விழுந்திருக்கும்.

அந்த மனுஷி தலையில் போய் இந்தக் குப்பையைக் கொட்டுகிறானே என்று ஆபீஸ் முழுக்க மீசையைத் திட்டியது. மேனேஜரும் திட்டினார். ஆனால் டீச்சரே, கொடுங்க சார், பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

முதலில் ஒரு வரியைத் திருத்தவே வெகு நேரம் ஆனது. திருத்துவார், சோதிப்பார், வேறு எங்கோ புதிதாக ஒரு வார்னிங் முளைத்திருக்கும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கண்ணை மூடுவார். மறுபடி ஆரம்பிப்பார். அடுத்த நாள் மத்தியானம் கட்டளைகளைக் கை தானாகவே அடிக்கத் தொடங்கிவிட்டது. எந்தச் செட்டிங் எந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும் என்று வாய் முணுமுணுத்தது.

வியாழக்கிழமை ஆபீஸ் அதிர ஒரு குரல் கேட்டது.

"மீசை, இதை எழுதறப்ப தூங்கிட்டிருந்தியா? புது வாக்கியம் புது வரின்னு உனக்கு எத்தனை தடவைதான் சொல்றது?"

பழைய டீச்சர் குரல். எல்லாரும் சிரித்தார்கள். மீசை மட்டும் தலையைக் குனிந்து, "ஸாரி டீச்சர்" என்றார்.

சாயங்காலம் டீச்சர் பக்கத்தைக் கடைசி முறையாகச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தால் அந்தச் சோதனை வாயே திறக்காது. திறக்கவில்லை.

மேனேஜர் அந்த ஆபீசுக்குப் புதியவர், ஆனால் விவரமானவர். இந்தத் தப்புகள் எப்போதிலிருந்து இருக்கின்றன என்று பார்க்க, அதே பக்கத்தின் திங்கட்கிழமைக் காலைப் பிரதி கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்ததை எடுத்துச் சோதித்தார். ஒரு வார்னிங்கூட இல்லை. சுத்தம்.

மீசையை அறைக்குள் கூப்பிட்டார்.

"வேணும்னேதான் கெடுத்தீங்களா?"

மீசை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, எல்லாம் அப்படியேதான் இருக்குன்னு வாயால சொன்னா டீச்சர் நம்புவாங்களா சார்? அவங்க கையே சொல்லணும். வேலை கெடாத இடமாப் பார்த்துத்தான் தப்பை வச்சேன். தண்டனை எதுன்னாலும் கொடுங்க. அவங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

மேனேஜர் எழுந்து மீசையின் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஆபீஸ் முழுக்கத் திட்டினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்தால், டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கம் பிரமாதமாக வந்திருக்கிறது, திங்கட்கிழமையும் கட்டாயம் வர வேண்டும் என்றார் மேனேஜர்.

"வர்றேன் சார்" என்ற டீச்சர், மீசையின் மேஜையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவன் மேல ஏதும் நடவடிக்கை எடுத்துடாதீங்க. அவன் வேலைக்குச் சேர்ந்த புதுசுல என்னென்ன தப்பு பண்ணுவானோ, நான் எதுக்கெல்லாம் திட்டுவேனோ, அத்தனையும் ஒண்ணு விடாம அந்த ஒரே பக்கத்துல இருந்துச்சு. திறந்ததுமே எனக்காகத்தான் பண்ணியிருக்கான்னு தெரிஞ்சுபோச்சு."

மேனேஜர் திகைத்துப்போனார். "தெரிஞ்சுமா அவரை அந்தத் திட்டு திட்டினீங்க?"

"திட்டலைன்னா, நான் இன்னும் சரியாகலையோன்னு கவலைப்பட்டுக்கிட்டே இருப்பான் சார், பாவம். எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க."