மாஸ்க்கைக் கழட்டாத மனிதர்

"அந்தம்மாவை எழுப்பட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார் பஸ் டிரைவர் யாங்.

மி-ஒக்குக்கும் எரிச்சல்தான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மாஸ்க் வைத்த மூச்சு மெஷினைப் பழக்கிவிடும் நர்ஸ் அவள். தென்கொரியாவின் தேகு நகரத்து கிளினிக்கில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. இன்று புதியவர்களுக்குப் புத்தி சொல்ல ஒருவரைக் கூட்டி வந்தால், அவர் மனைவி முன் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து தூங்குகிறாள்.

"விடுங்க," என்றார் பேச வந்த பியோன். ரிடையர்டு ஹெட்மாஸ்டர். "எங்க போனாலும் இவ இப்படித்தான். பஸ்ல தூங்குவா, சர்ச்ல தூங்குவா. நோயாளி நான், தூங்கறது அவ."

எல்லாரும் சிரித்தார்கள்.

மி-ஒக் சிரிக்கவில்லை. அவள் கவலையெல்லாம் யாங் மேல். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொக்கிய ஆள். வியாதி குணமாகிற வரை பஸ்ஸைத் தொடாதே என்று கம்பெனி சொல்லிவிட்டது. முதல் தொண்ணூறு நாளுக்குள், தொடர்ந்து முப்பது நாளில் இருபத்தொரு நாளாவது ராத்திரிக்கு நாலு மணி நேரம் மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் நின்றுவிடும். யாங்குக்கு ஐம்பத்தேழு நாள் வீணாகப் போயிருந்தது. இன்று மெஷினைப் பையோடு தூக்கி வந்துவிட்டார், திருப்பிக் கொடுக்க. இந்த மாதம் இவர் ஐந்தாவது ஆள். கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது.

"மாட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன்," என்றார் யாங். "காலைல பாத்தா கட்டிலுக்குக் கீழ கிடக்குது. எப்பக் கழட்டுனேன்னே தெரியல. பொண்டாட்டி என் குறட்டைக்குப் பயந்து அடுத்த ரூமுக்குப் போயி ஏழு வருஷமாச்சு. அவளைக் கேட்டும் பிரயோஜனம் இல்ல."

"மன உறுதி வேணும் தம்பி," என்றார் பியோன். "எனக்கு எழுபத்தொண்ணு. ராத்திரி மாட்டினது காலைல மாட்டினபடி இருக்கும். நடுவுல ஒரு தடவைகூட நான் முழிச்சதில்ல."

யாங் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப எனக்குத்தான் அந்த உறுதி இல்ல. எடுத்துக்குங்க சிஸ்டர்." பையை மேஜையில் வைத்தார்.

"கொஞ்சம் இருங்க. ஐயாவோட மெஷின் ரெக்கார்டைப் பாத்துட்டுப் போங்க."

மி-ஒக் அதைத் திரையில் போட்டாள். இத்தனை நாளும் மொத்த மணிக்கணக்கை மட்டும் பார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக முழு ராத்திரியையும் திறந்தாள். மாஸ்க் முகத்தில் இருந்ததைக் காட்டும் கோடு ஆறு இடத்தில் அறுந்திருந்தது.

"ஐயா, நேத்து ராத்திரி ஆறு தடவை கழட்டியிருக்கீங்க."

"நானா? இருக்கவே இருக்காது. மெஷின்ல கோளாறா இருக்கும்."

"கழட்டின ஒரு நிமிஷத்துல திரும்ப மாட்டியும் இருக்கு."

முந்தின நாளைப் பார்த்தாள். அதற்கு முந்தின நாள், போன வாரம், போன மாதம். எல்லா ராத்திரியும் அதே கதைதான்.

யாங் பையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப ஐயாவும் என்னை மாதிரிதானா? சரி, அவரு முழிக்கவே இல்லைன்னா, திரும்ப மாட்டினது யாரு?"

பியோன் குழப்பத்தோடு மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் லேசாக அசைந்தாள். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அவர் முகத்தில் மூக்கைத் தடவித் தேடினாள்.

"ஏங்க, மறுபடியும் கழட்டிட்டீங்களா? குடுங்க, மாட்டி விடறேன். இன்னும் விடியல."