சொன்னபடி இரண்டு வட்டம்

கோலமாவு டப்பாவோடு அவள் குனிந்தாள்.

முதல் வட்டம் ஒரே இழுப்பில் வந்தது. ஆறடி தள்ளி இரண்டாவது. அளவுக்குக் கயிறு வேண்டாம், கோல் வேண்டாம். கைக்குப் பழகிய வேலை.

கண்தான் சாலை வளைவுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

கொரோனா ஊரடங்கால் ஐந்து மாதமாகப் போடி பேருந்து நிலையத்தில் பேருந்து கிடையாது. காய்கறிச் சந்தையை மொத்தமாகத் தூக்கி இங்கே வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர் பேருந்து நிற்கிற இடத்தில் அவளுடைய தக்காளிக் கடை. ஆளுக்கு ஆள் ஆறடி இருக்கவேண்டும் என்று சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் மழைக்கே அது கரைந்துபோனது.

அன்றிலிருந்து தினமும் விடியலில் வட்டம் போடுவது அவள்தான்.

சட்டம் வாரத்துக்கு ஒரு வேடம் கட்டியது. மதியம் ஒரு மணிவரை என்றார்கள். இல்லை, காலை பத்துவரைதான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலையே தாண்டாதே என்றார்கள். எது மாறினாலும் அவளுடைய வட்டம் மாறவில்லை. ஒரு கால் கோட்டுக்கு வெளியே வந்தாலும் தராசைக் கீழே வைத்துவிடுவாள். எப்பேர்ப்பட்ட கொம்பனுக்கும் அதே சட்டம்தான். கடைசியில் ஊருக்கே அவள் வட்டக்கா ஆகிப்போனாள்.

இன்று சந்தை பழைய இடத்துக்குத் திரும்புகிறது. வெளிமாவட்டப் பேருந்துகள் ஓடத் தொடங்குகின்றன.

முதல் கோயம்புத்தூர் பேருந்து பத்தரைக்கு வரும். அதில் அவள் மகள் சுகந்தி வருகிறாள்.

சுகந்தி நர்ஸ். கொரோனா வார்டில் வேலை. ஐந்து மாதமாக அவளைச் செல்போனில்தான் பார்க்க முடிந்தது. மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்திய தழும்போடு வந்து, சிரித்துச் சிரித்துப் பொய் சொல்லுவாள். நன்றாகச் சாப்பிடுகிறாளாம். நன்றாகத் தூங்குகிறாளாம்.

வார்டு முறை முடிந்து பத்து நாள் தனியறையில் இருந்தாயிற்று. பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. தாராளமாக ஊருக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் கண்ணால் கண்டவளுக்குப் பயம் விடவில்லை. நேற்று போனில் கறாராகப் பேசினாள்.

“ரெண்டு வட்டம் போட்டு வையிம்மா. ஒன்னுல நீ நில்லு, ஒன்னுல நான் நிக்கிறேன். கிட்ட வந்தீன்னா அதே பஸ்ல திரும்பிப் போயிருவேன்.”

ஊருக்கெல்லாம் வட்டம் போட்டவள், தன் பிள்ளைக்கு மாட்டேன் என்று எந்த வாயால் சொல்லுவாள்?

போட்டு வைக்கிறேன் என்று சத்தியம் செய்தாள். போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டைம் கீப்பரைத் தேடிப் போனாள்.

பேருந்து பழைய இடத்தில்தான் நிற்குமா, முன்சக்கரம் இந்தத் திட்டில் முட்டித்தானே நிற்கும், படிக்கட்டு எந்தப் பக்கம் வரும் என்று துருவித் துருவிக் கேட்டாள். பெற்ற வயிறு தவிக்கிறது என்று அவரும் அலுக்காமல் பதில் சொன்னார்.

இப்போது வட்டம் போட்டு நிமிர்ந்தவளைப் பார்த்து அவர் சிரித்தார். சந்தைதான் போயாச்சே, இன்னும் பழக்கதோஷம் விடவில்லையா என்று கேட்டார்.

நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே, இரண்டு வட்டம் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அங்கே சந்தையில் கடை இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரி இரண்டு முறை போன் செய்துவிட்டாள். சாக்கடை ஓரம் கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்று இவள் எடுக்கவில்லை.

குழாயடியில் முகம் கழுவினாள். பவுடர் போட்டுக்கொண்டாள். முகக்கவசத்துக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதன் பிறகுதான் தோன்றியது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

பத்தரை.

பத்து நாற்பது.

வளைவில் ஹாரன் கேட்டது.

ஐந்து மாதமாகக் கேட்காத சத்தம். பூக்காரி எழுந்து நின்றாள். ஆட்டோக்காரர்கள் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முகப்பில் மாலையோடு பேருந்து திரும்பியது. குலுங்கிக்கொண்டு உள்ளே வந்தது. முன்சக்கரம் திட்டில் முட்டி நின்றது.

ஏழாவது ஆளாகச் சுகந்தி இறங்கினாள்.

இளைத்திருந்தாள்.

இரண்டடி எடுத்துவைத்த அம்மாவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். குனிந்து தரையில் தேடினாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள்.

“வட்டம் எங்கம்மா?”

“போட்டேன்த்தா. வேணும்னா அண்ணனைக் கேளு.”

டைம் கீப்பருக்கு அப்போதுதான் விளங்கியது. தொண்டையைச் செருமினார். ஆமாம், இரண்டு வட்டம், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சாட்சி சொன்னார். பேருந்துக்கு அடியில் விரலைக் காட்டினார்.

சுகந்தி இன்னும் குனிந்து பார்த்தாள். ஒரு வட்டத்தின் மேல் முன்சக்கரம் ஏறி நின்றது. இன்னொன்று பேருந்தின் வயிற்றுக்கு அடியில், ஒரு பொட்டு மாவு கலையாமல் முழுசாக இருந்தது.

குனிந்தவள் நிமிரவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று முகக்கவசம் காட்டிக்கொடுக்கவில்லை.

பேருந்தை எப்போது எடுப்பார்கள் என்று அம்மா ஒன்றும் அறியாதவள்போலக் கேட்டாள்.

“இருபது நிமிசம் ஆகும்க்கா” என்றார் டைம் கீப்பர்.

மகள் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அம்மாவை நோக்கி நடந்தாள்.