கடப்பாரைக் குழிகள்

ஆறு கரையின் விளிம்பை நக்கிக்கொண்டு ஓடுகிறது. கொட்டும் மழையில் கொழுந்தன் கடப்பாரையை ஓங்கி ஓங்கி இறக்குகிறான். அண்ணி வீட்டுக்கு நேராகக் கரையை வெட்டிவிட்டால், ஆறு வரும் திசையில் சற்றுத் தள்ளியிருக்கும் அவனுடைய கோழிப்பண்ணை தப்பிக்கும். கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏற ஏற, ஆயிரம் கோழிகளின் அலறல் இங்கேவரை கேட்கிறது. அண்ணி மண்வெட்டியோடு ஓடிவருகிறாள்.

"உங்களுக்குத்தான் வெள்ள இன்சூரன்ஸ் இருக்குல்ல அண்ணி. வீடு போனா வீடு வரும். எனக்கு என்ன வரும்?"

"அடப்பாவி, தானா வர்ற வெள்ளத்துக்குத்தான்டா குடுப்பாங்க."

அவன் காதில் ஏறவில்லை. மண்வெட்டியைத் திருப்பி அவன் மணிக்கட்டில் போடுகிறாள். எலும்பு முறியும் சத்தம் மழையையும் மீறிக் கேட்கிறது. கடப்பாரை ஆற்றோடு போகிறது. அவன் சுருண்டு விழுந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, யார் கையும் படாத கரை தானாகவே வாய் பிளக்கிறது. பழுப்புத் தண்ணீர் அவள் வாசல் கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே நுழைகிறது.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலிட்டு, கடப்பாரை போட்ட குழிகளில் மண்ணை வாரிக் கொட்டுகிறாள்.

"மூடுடா. பாக்க வர்ற இன்சூரன்ஸ்காரன் கண்ணுல இது பட்டா சல்லிக்காசு வராது."

உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்ற கையால் அவனும் மண் தள்ளுகிறான்.