பிளஸ் டூ போதும்

“பிசிக்ஸ் படிச்சிட்டு அட்டைப்பெட்டி ஒட்டப் போறேங்கிறியே, வெக்கமா இல்ல?”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. கடைசி வருடம் படிக்கும் நிகத் கூசிப்போனாள்.

“வீட்ல முடியல சார்.”

“எம்.எஸ்சி. சேரு. அப்புறம் பிஎச்.டி. பண்ணு. என்னாட்டம் வாத்தியாரானா தலை நிமிந்து நடக்கலாம். கம்பெனி வாசல்ல மட்டும் போயி நிக்காத” என்றார் வேடியப்பன் சார்.

“போகலைங்க சார்” என்றாள். அவர் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்காட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனி வாசலில், ஆளெடுக்கும் வரிசையில் நின்றாள். சாரிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று உள்ளுக்குள் குறுகுறுத்தது. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

செக்யூரிட்டி ஒவ்வொருவராக விசாரித்துதான் உள்ளே விட்டார்.

“பிளஸ் டூ போதும். டிகிரி படிச்சவங்க இப்பவே கெளம்பிடுங்க. நீங்கள்லாம் நாலு நாள்ல நின்னுடுவீங்க.”

அவளுக்கு முன்னால் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பிளஸ் டூதாங்க. அதுக்கு மேல படிக்கல.”

வகுப்பில் தினமும் கேட்கிற குரல். நிகத் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தற்செயலாகத் திரும்பிய வேடியப்பன் சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

“நீம்மா? டிகிரி கிகிரி ஏதாச்சும் இருக்கா?” என்றார் செக்யூரிட்டி.

சார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்ண்ணா” என்றாள் நிகத். “மேல படின்னு சொல்றதுக்கு எனக்கு யாருமில்ல.”