ஆளா, சாமானா?

"வண்டி சீட்டுல ரத்தம் பட்டா அதுக்குத் தனியா காசு பிடிப்பீங்களா, மகளே?"

பெரியவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். மேசைமேல் ஊன்றியிருந்த அவர் விரல்களின் நக இடுக்கில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

ஷேலா நகரத்தின் அந்த வாடகைக் கார் கடையில் அப்போது அவள் மட்டும்தான் இருந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவளுக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வில்மர், யார் எவர் என்று விசாரிக்காமல் ஒருவனுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டான். அந்தக் கார் டிக்கியில் ஒரு பிணம் அகப்பட்டது. வில்மர் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான்.

"ரத்தமா?" என்றாள் மிர்னா.

"இன்னும் சரியா காயல. தொட்டுப் பார்த்தேன், கையில ஒட்டிக்கிச்சு." பெரியவர் எவுலோஹியோ சங்கடத்தோடு விரல்களை மடக்கிக்கொண்டார். "வண்டியப் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா, பின்னாடி மனஸ்தாபம் வராது பாரு."

கூட வந்திருந்த மக்காரியோ வாட்டசாட்டமான ஆள். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றான்.

"வேன்ல அஞ்சரை அடி ஆளு நீட்டிப் படுக்க இடம் இருக்குமா? காலை மடக்க முடியாது. விறைப்பாத்தான் இருப்பார்."

"கண்ணாடி கறுப்பா இருந்தா நல்லது" என்றார் பெரியவர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர் ஊர்ல யார் கண்ணுலயும் படக்கூடாது."

மிர்னாவின் கை மேசைக்கு அடியில் கைப்பேசியைத் தேடியது. பேச்சை வளர்த்தால் அதற்குள் முதலாளி வந்துவிடுவார் என்று ஒரு நப்பாசை.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"பாலத்துக்குப் பக்கத்துல ஒரு தச்சுப் பட்டறையில. துணி போட்டு மூடி வெச்சிருக்கோம்."

மக்காரியோ மேசைமேல் குனிந்தான். "வழியில வண்டி எதுலயாவது மோதிடுச்சுன்னா, உள்ள படுத்திருக்கிறவருக்கும் இன்சூரன்ஸ் உண்டா?"

"உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் உண்டு." மிர்னா நிபந்தனைத் தாளைப் புரட்டினாள். "ஆளுன்னா ஒரு விதி, சாமான்னா வேற விதி."

"அப்ப சாமான்னே போட்டுக்க."

"டேய், நாக்க அடக்குடா" என்றார் பெரியவர். "எங்க ஐயாவப் போய் சாமான்னு சொல்லுவியா? நீ பொறந்ததே அவர் புண்ணியத்துல."

அப்போதுதான் அவர்கள் செருப்பில் அப்பியிருந்த மண் மிர்னாவின் கண்ணில் பட்டது; தப்பிக்க ஒரு வழி தோன்றியது. "உங்க ஊருக்கு மண் ரோடுதானே? எங்க வண்டி மண் ரோட்டுல போகவே கூடாது. நிபந்தனையிலயே இருக்கு. நீங்க வேற கடை பாருங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாக் கடையிலயும் இதையேதான் சொன்னாங்க" என்றார் பெரியவர் மெதுவாக. "இனி போறதுக்கு வேற கடை இல்ல. அவர் இல்லாம நாங்க ஊருக்குத் திரும்ப முடியாது, மகளே."

மிரட்டல்தான் என்று அவளுக்குப் பட்டது. அவள் விரல் போலீஸ் எண்ணின் முதல் இலக்கத்தை அழுத்தியது. அதே நேரம் பெரியவரின் கை தோள்பைக்குள் போனது. மிர்னா கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிறுவயதில் கற்ற ஜெபத்தை வாய்க்குள் தொடங்கினாள். பாதிக்குமேல் நினைவுக்கு வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு ரொட்டி இருந்தது. வட்டமான இனிப்பு ரொட்டி, கைக்குட்டையில் சுற்றியது.

"கண்ணு இப்படிச் சொருகுதே, காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலையா? எங்க வீட்டுல சுட்டது. இந்த வாரம் இதக் கையில எடுக்காம நாங்க யார் வாசலையும் மிதிக்கிறதில்ல. பிடி."

ரொட்டியைவிடக் கைக்குட்டையில்தான் வாசம் தூக்கலாக இருந்தது. சாம்பிராணி வாசம். அவளுடைய பயம் போகவில்லை. ஆனாலும், அடுத்தவள் பசியை விசாரிக்கிற மனிதருக்கு எதிராக அந்த விரல் மேற்கொண்டு நகர மறுத்தது. எங்கோ துணிக்கு அடியில் கிடக்கிறவரை நினைத்தாள். அவருக்காக அழ யார் இருக்கிறார்கள்?

"அவருக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. வெள்ளிக்கிழமை கறுப்பு உடுத்திக்கிட்டு அவர் பின்னாடியே வருவாங்க. அந்த முகத்தப் பார்த்தா நெஞ்சு தாங்காது."

மிர்னாவின் கண் நிறைந்துவிட்டது. "யாரு கொன்னது?"

பெரியவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். "யாரன்னு சொல்றது? நாம எல்லாரும்தான்."

நாற்காலி பின்னுக்குச் சறுக்கியது. ரொட்டி தரையில் விழுந்தது. "எங்க புதைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

பெரியவர் சிரமப்பட்டுக் குனிந்து ரொட்டியை எடுத்தார். சட்டையில் துடைத்து, திரும்பவும் அவள் கையிலேயே வைத்து விரல்களை மூடிவிட்டார். அவர் நகச் சிவப்பில் பெயிண்ட் வாசம் அடித்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லறையில வைப்போம். அதுக்கா அழுவுற?" என்றார். "ஞாயித்துக்கிழமை எழுந்துடுவார், மகளே. போன வருஷமும் எழுந்தாரே."