காதில் என்ன பாட்டு?

"பாட நேரத்துல பாட்டுக் கேக்குற பிள்ளைக்கு இங்கன எடமில்ல. டி.சி.ய வாங்கிட்டுக் கெளம்புங்க!" தலைமையாசிரியர் மேசையை ஓங்கி அறைந்தார்.

திராட்சைத் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்த சினேகாவின் அம்மா முருகம்மாள் பதறினாள். "அப்படிச் சொல்லாதீக சார். வீட்டுல மிக்சி போட்டாலே தெருவுக்கு ஓடிருவா. அவளா பாட்டுக் கேக்கப்போறா?"

"என் கண்ணால பாத்தேன். எல்லாரும் ஸ்மார்ட் போர்டுல பாடம் கேக்குறாக, இவ காதுல மட்டும் ஹெட்போன்! கழட்டு சினேகா!"

சினேகா அசையவில்லை. அவரே அதைப் பிடுங்கித் தம் காதில் வைத்துப் பார்த்தார். ஓசையே இல்லை.

"அதுக்குள்ள நிறுத்திட்டியா, கள்ளி?"

அந்தக் கூச்சலில் சினேகா இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள்.

அப்போதுதான் உள்ளே வந்த வகுப்பாசிரியை நதியா, ஹெட்போனின் வயரைத் தூக்கிக் காட்டினார். அதன் முனை எதிலும் செருகப்படாமல் தொங்கியது.

"அதுல பாட்டே வராது சார். நான்தான் மாட்டிவிட்டேன். வகுப்பு இரைச்சல் அவளுக்குத் தாங்காது. போர்டுல எழுத்தா ஓடுறதப் படிச்சே புரிஞ்சுக்குவா."

தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். மேசைக் கணினியில் பெரிய எழுத்துகளில் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

'தவறு என்னுடையது. வகுப்புக்குப் போ, சினேகா.'

சினேகா படித்தாள். பிறகு, ஹெட்போனுக்காக அவரிடம் கையை நீட்டினாள்.