யாருமே இல்லாத வாசல்

"யாருமே இல்லாத எடத்துல தானா நிக்கற வண்டிக்கு, மாசாமாசம் தவணை வேற கட்டணுமா?"

சாவியை மேஜைமேல் விட்டெறிந்தார் சுந்தரராமன். கிள்ளிப்பாலத்துப் பழைய கார் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவரும் கத்தினார்.

வண்டியை விற்ற விஜய்குமார் நாகர்கோவில்காரன். கஸ்டமர் கத்தினால் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிந்தவன்.

"சாரே, உக்காருங்க. என்ன குழப்பம்?"

"குழப்பம் இல்லப்பா. மோசடி."

கோபம் வராமல் என்ன செய்யும்? இதே கம்பெனி வண்டி, இதே நிறம், ஒரு லட்சம் குறைச்சலாக இதே கடையில் நின்றது. அவர் அதைத்தான் கேட்டார். மனைவி லலிதாம்பாள்தான் 'அடாஸ்' உள்ளதுதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்குமாம். குறுக்கே எது வந்தாலும் கத்துமாம். நாம் மிதிக்காவிட்டால் அதுவே பிரேக் போடுமாம்.

இவர் ரிட்டயர் ஆனவர், பேங்கில் கடன் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். அவளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி. கடன் அவள் சம்பளத்தின்மேல் என்று ஆனதும் இவர் வாயை மூடிக்கொண்டார். இப்போது அதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

"எங்க வச்சு நின்னுச்சு சார்?"

"எங்காத்து வாசல்ல. தெனம் சாயங்காலம். கேட்டுக்குள்ள திருப்பறேன், கீகீன்னு அலறிண்டு அறைஞ்சாப்ல நிக்கறது. நேத்திக்கு ஆரியசாலையில வாங்கின எண்ணெய் டின் கவுந்து சீட்டெல்லாம் எண்ணெய். எதிர்த்தாத்துக்காரன் நின்னு வேடிக்கை பாக்கறான்."

"பூஜை போட்டப்ப கேமராவுக்கு முன்னால சந்தனம் கிந்தனம் வச்சுட்டீங்களோ?"

"என்னை மடையன்னு நெனச்சியா? பானெட்லதான் வெச்சோம்."

"பேய் ஏதும் நிக்குதோ என்னமோ," என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர். "கேமராவுக்கு மட்டும் தெரியுமா இருக்கும்."

நாலு பேர் சிரித்தார்கள். சுந்தரராமனுக்கு முகம் சிவந்தது.

"ஒரு வாரத்துக்குள்ள கோளாறு கண்டா திருப்பி எடுத்துப்போம்னு சொன்னியோல்லியோ? நாளையோட வாரம் முடியறது. வண்டியை எடுத்துக்கோ. கடனைக் கேன்சல் பண்ணு."

இந்த மாசம் விஜய்குமார் விற்றதே இந்த ஒரு வண்டிதான்.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துரலாம் சார். அப்பவும் நின்னா பேப்பர்ல எழுதி வண்டிய திருப்பி வாங்கிக்கறேன்."

சுந்தரராமனே ஓட்டினார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஜனங்கள் பெட்டியும் பையுமாகக் குறுக்கே பாய்ந்தார்கள். ஓர் ஆட்டோ மூக்கை நுழைத்தது. ஒவ்வொருத்தருக்கும் சுந்தரராமனே முந்திக்கொண்டு பிரேக் மிதித்தார். வண்டிக்கு வேலையே வைக்கவில்லை.

"ஒண்ணும் குழப்பமில்லையே சாரே. ரோட்டு நடுவுல உள்ள வெள்ளக் கோட்டத் தாண்டினப்ப ஸ்டியரிங்க உலுக்கிச்சு. அதும் சரிதான்."

"ஊர்ல எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும். ஆத்துக்கு வந்தப்புறந்தான் அதோட குணம் தெரியும். வா, காட்டறேன்."

கரமனை அக்ரஹாரத்துக்குள் வண்டி நுழைந்தது. இரண்டு வீடு முன்னாலேயே நீளமாக ஹாரன் அடித்தார். வேகத்தைக் குறைக்கவில்லை.

"இப்பப் பாரு."

கேட்டை நோக்கித் திருப்பினார். கீகீகீ. வண்டி அறைந்தாற்போல் நின்றது. பெல்ட் விஜய்குமாரின் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது.

சுந்தரராமன் முகத்தில் ஜெயித்த களை. "பாத்தியோல்லியோ? யாராவது இருக்காளா? ஒரு வண்டி உண்டா, ஒரு மாடு உண்டா?"

விஜய்குமார் எதிரே பார்த்தபடியே இருந்தான்.

பானெட்டுக்கு ஒரு முழம் தள்ளி லலிதாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் பை இன்னும் தோளிலேயே தொங்கியது. பாதி திறந்த கேட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஹாரன் கேட்டு ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"சார்... மாமி நிக்காங்களே."

"யாரு, அவளா? அவ ஒதுங்கிப்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒதுங்கிண்டுதானே இருக்கா. பழைய வண்டியெல்லாம் இப்படியா நின்னுது? நீ பேப்பரை எடு."

விஜய்குமார் இறங்கினான். கடன் மாமி பேரில் என்பதால் வண்டியைத் திருப்பித் தரவும் மாமிதான் கையெழுத்துப் போட வேண்டும். பேப்பரை நீட்டியபோது அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

லலிதாம்பாள் நின்ற இடத்திலேயே நின்று படித்தாள். படித்ததை மடித்து அவனிடமே கொடுத்தாள்.

"வண்டி இருக்கட்டும்ப்பா. தவணையை நான் கட்டிக்கறேன்."

"என்னது?" என்று காருக்குள்ளிருந்து தலையை நீட்டினார் சுந்தரராமன்.

அவள் கேட்டை இழுத்துச் சாத்தினாள். கொண்டியையும் போட்டாள்.

"இனிமே நீங்களே எறங்கித் தொறந்துண்டு வாங்கோ."